முட்டி வலியோடு குள்ளஞ்சாவடிக்கு

நெய்வேலி நகரியத்தில் ஓய்வு பெற்றால் வேலையோடு வீடும் போகும். அறுபது வயதில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். முப்பது வருடம் ஒரே பிளாக்கில், ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாழ்ந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று வடலூரில் குடியேறும். இன்னொன்று குள்ளஞ்சாவடியில் அப்பா விட்டுப்போன மனையில் வீடு கட்டிக்கொள்ளும். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. அங்கே முளைத்த எத்தனையோ நட்புகள் இன்று கடலூர்–விருத்தாசலம் சாலை நெடுகச் சிதறிக் கிடக்கின்றன.

தூரம் ஒன்றும் பெரிதில்லை. வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டினால் குள்ளஞ்சாவடி. கடலூர் பேருந்தில் ஏறினால் மாறாமல் போய்விடலாம். ஆனாலும் போவதில்லை. ஏன் என்று கேட்டால், "முட்டி ஒத்துக்கல சார், மழை விடட்டும், பார்க்கலாம்" என்பார்கள். மழை விட்டபின் வெயில் வரும். வெயில் தணிவதற்குள் ஒரு வருடம் போய்விடும்.

இந்தத் தள்ளிப்போடல் மூட்டுக்கு நல்லது என்று பலரும் மனதார நம்புகிறார்கள். வலிக்கும் காலுக்கு ஓய்வு கொடுத்தால் தேய்மானம் குறையும் என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. மூட்டைப் பற்றியும் வலியைப் பற்றியும் இன்று தெரிந்திருப்பவை வேறு விதமாகச் சொல்கின்றன. நண்பர் வீட்டுக்குப் போய் வருவது மூட்டு நோய்க்கான வைத்தியத்திலேயே சேரும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

முதலில் நோயைப் பிரித்துக்கொள்வோம். மூட்டு வலி என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன. வயதானவர்களிடம் மிகுதியாகக் காண்பது மூட்டுத் தேய்மானம். இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தி 2016இல் வெளியான ஓர் ஆய்வு, முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் 28.7 விழுக்காடு என்று கணக்கிட்டது. சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் சொல்லப்படும் நோய் வேறு. அதில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. 2006இல் சிக்குன்குனியா அலை நம் ஊர்களைக் கடந்தபோது காய்ச்சல் சில நாளில் இறங்கிவிட்டது, மூட்டு வலியோ பலருக்கு மாதக்கணக்கில் நின்றது. அந்த ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்கு அந்நோய் இருக்கலாம் என்று பதிவானது. இங்கே பெரும்பாலும் தேய்மானத்தைப் பற்றியே பேசுகிறேன். சரவாங்கிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்கிறேன்.

முட்டி எக்ஸ்ரே அறிக்கையில் ‘கிரேடு 2’, ‘கிரேடு 3’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூஜ்யத்திலிருந்து நான்கு வரை போகும் அந்த அளவுகோலை 1957இல் வகுத்தவர்கள் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரு இங்கிலாந்து மருத்துவர்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1952இல், அவர்கள் ஆராய்ந்தது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் மூட்டுகளை. குறுகலான சுரங்கத்தில் முழங்காலிட்டு வேலை செய்தவர்களின் முட்டி மற்றவர்களுடையதைவிட அதிகம் கெட்டிருந்தது. 2009இல் பிரிட்டன் அரசு, நெடுங்காலம் நிலத்தடியில் உழைத்த நிலக்கரித் தொழிலாளர்களின் முட்டித் தேய்மானத்தைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது. நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம், ராட்சத இயந்திரங்கள் தோண்டுகின்றன. ஆகவே அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் ஒரு சுரங்க நகரத்துக்காரரின் கையில் இருக்கும் எக்ஸ்ரே அறிக்கைக்கும் சுரங்கத்துக்கும் இவ்வளவு நெருக்கமான உறவு இருப்பதை அவர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

அந்த கிரேடு வலியின் அளவைச் சொல்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் கிரேடு 3 உள்ளவர் வயலுக்கு நடந்து போய் வருவார். கிரேடு 1 உள்ளவர் படியேற முடியாமல் தவிப்பார். இதற்குக் காரணம் இருக்கிறது. எக்ஸ்ரே காட்டுவது எலும்பை, வலி உருவாவது மூளையில். இரண்டுக்கும் நடுவே தூக்கமின்மை, கவலை, தனிமை, தொடைத் தசையின் பலவீனம் எல்லாம் புகுந்துகொள்கின்றன.

இனி முட்டிக்குள் போவோம். இரண்டு எலும்புகளின் முனைகளையும் மூடியிருக்கும் குருத்தெலும்பு ஒரு விந்தையான திசு. அதற்குள் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. எடையில் பெரும்பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவை அக்ரிக்கன் என்ற பெரிய மூலக்கூறுகள். அவை பிய்ந்து போகாமல் கட்டி வைத்திருப்பவை கொலாஜன் இழைகள். கொலாஜனின் வடிவத்தை உலகுக்குச் சொன்னதில் சென்னைக்கு முதன்மையான பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்த கங்காரு வால் தசைநார்களை எக்ஸ்ரே கதிரில் ஆராய்ந்தார்கள். மூன்று புரிகள் சேர்ந்த அமைப்பு அது என்று 1954இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நம் ஒவ்வொருவர் முட்டியையும் தாங்கும் புரி அது. நம் பள்ளிப் பிள்ளைகள் ராமச்சந்திரனின் பெயரை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ரத்தம் வராத திசுவுக்கு ஊட்டம் எப்படிப் போகிறது? மூட்டு உறையின் உட்சவ்வு சுரக்கும் மூட்டு நீர் வழியாகத்தான். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்துகிறது, உள்ளே இருக்கும் நீரில் கொஞ்சம் வெளியேறுகிறது. காலை எடுக்கும்போது ஊட்டம் கலந்த நீர் திரும்ப உள்ளே போகிறது. அசைவு இருந்தால்தான் இந்தப் போக்குவரத்து ஒழுங்காக நடக்கும். முதுகுத் தண்டில் அடிபட்டுக் கால் அசைவை இழந்தவர்களின் முட்டிக் குருத்தெலும்பு மாதக்கணக்கில் மெலிந்து போவதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியிருக்கின்றன. நடப்பதால் தேயும் என்று அஞ்சி நடக்காமல் இருந்தவருக்கும் பாதகம்தான்: முட்டியைத் தாங்க வேண்டிய தொடைத் தசை சூம்பும், எடை ஏறும். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டிமேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்பது 2005இல் அமெரிக்காவில் கண்டறிந்த கணக்கு. முட்டித் தேய்மானம் உள்ள, 50 வயது கடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு 2022இல் வெளியானது. நடைப்பயிற்சி செய்தவர்களுக்குப் புதிதாக அடிக்கடி வலி வரும் வாய்ப்பு, செய்யாதவர்களைவிட 40 விழுக்காடு குறைவாக இருந்தது. நடையால்தான் குறைந்தது என்று இந்த வகை ஆய்வால் அறுதியிட முடியாது. நடை கெடுக்கவில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

சரி, பேருந்து ஏறுவோம். பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், செயற்கை முட்டி பொருத்தியவர்கள் சிலரின் முட்டிக்குள்ளேயே அளவுமானியை வைத்து, எந்த அசைவில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று 2010இல் வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. இறங்கும்போது ஏறக்குறைய 3.5 மடங்கு. இதெல்லாம் சாதாரண வீட்டுப் படிக்கான கணக்கு. நம் ஊர்ப் பேருந்தின் முதல் படி அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம். குள்ளஞ்சாவடி நிறுத்தத்தில் "சீக்கிரம் இறங்குங்கம்மா" என்று நடத்துநர் குரல் கொடுக்கும்போது அந்த அம்மா கம்பியைப் பிடித்துத் தயங்குவதற்கு இதுதான் காரணம், அவர் வேண்டுமென்றே தாமதிப்பதில்லை. ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது வலிக்கும் காலையும் முதலில் வைக்க வேண்டும். ஊன்றுகோல் இருந்தால் அது வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். வலிக்கும் பக்கமே கோலைப் பிடித்து நடப்பவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பேருந்தில் உட்கார்ந்தே இருந்துவிட்டு எழும்போது முட்டி கெட்டியாகிப்போன மாதிரி இருக்கும். மூட்டு நீர் முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் வழுவழுப்பானது. அதில் ஹையலுரோனிக் அமிலம் இருக்கிறது. அசைவு இல்லாதபோது அந்த நீர் கெட்டியாக நிற்கும், அசைவு தொடங்கியதும் இளகும். தேய்மானத்தில் இந்த இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் கைவிரல்கள் மடங்காமல் இருந்தால் அது சரவாங்கியாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயணத்தில் செய்ய வேண்டியது எளிது. குறிஞ்சிப்பாடி வருவதற்குள் ஓரிரு முறை, இருக்கையில் இருந்தபடியே காலை நீட்டி மடக்கித் தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தலாம். நிறுத்தம் வருவதற்கு முன்பே இதைச் செய்தால் எழுவது சிரமமாக இருக்காது.

மழையைப் பற்றியும் பேசிவிடலாம், அதுதானே எல்லோரும் சொல்லும் காரணம். மான்செஸ்டர் பல்கலைக்கழகம் பிரிட்டன் முழுக்க 2,658 பேரின் அன்றாட வலியைச் செல்பேசி வழியே பதிவு செய்து, வானிலையோடு ஒப்பிட்டு 2019இல் முடிவை வெளியிட்டது. காற்றில் ஈரப்பதம் கூடும்போதும், காற்றழுத்தம் குறையும்போதும், காற்று வேகமாக வீசும்போதும் வலி கொஞ்சம் கூடுவது உண்மை என்று தெரிந்தது. பாட்டிகள் சொன்னது கற்பனை இல்லை. ஆனால் அந்தக் கூடுதல் சிறியது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அளவுக்கு அது பெரிதில்லை. ‘தானே’ புயல் 2011 டிசம்பரில் இந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்ததுபோல் ஒன்று வரும் நாளில் எந்த மூட்டுக்காரரும் வெளியே போக வேண்டாம். தூறல் அன்று குடையோடு போகலாம்.

நண்பர் வீட்டு வாசலை அடைந்துவிட்டோம். உண்மையான தடைகள் இங்கேதான் இருக்கின்றன, அவற்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரையில் உட்கார வேண்டியிருக்குமே என்ற பயம் ஒன்று. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் எல்லோரும் பாயில் இருக்கும்போது நாற்காலி கேட்கக் கூச்சம். பந்தியில் இலை முன்னால் சம்மணமிட முடியாத வெட்கம். முட்டி முழுக்க மடங்கும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடுகிறது என்பது உடலியல். பெய்ஜிங் நகர முதியவர்களிடம் நடந்த ஆய்வில், இளமையில் நாள்தோறும் நெடுநேரம் குந்தியிருந்தவர்களுக்கு முட்டித் தேய்மானம் கூடுதலாகக் காணப்பட்டது. நம் பெண்கள் அடுப்படியிலும், களையெடுப்பிலும், முந்திரிக்கொட்டை உடைக்கும் இடத்திலும் குந்தியே பாதி வாழ்நாளைக் கழித்தவர்கள். அவர்களுக்கு வயதான காலத்தில் ஒரு நாற்காலி கொடுப்பது மரியாதைக் குறைவு இல்லை, அதுதான் மரியாதை.

அடுத்தது கழிவறை. "ராத்திரி தங்கிட்டுப் போயேன்டா" என்று நண்பர் எவ்வளவு கெஞ்சினாலும் ஒருவர் கடைசி பேருந்தைப் பிடிக்கத் துடிப்பதற்குப் பல நேரம் ஒரே காரணம்தான்: அந்த வீட்டில் குந்தி உட்காரும் கழிவறை மட்டுமே இருக்கும். அதைச் சொல்ல நா எழாது. நடுவில் துளையிட்ட கழிவறை நாற்காலி மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கிறது. சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதிக்க ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை. இந்த இரண்டும் இருந்தால் பத்து வருடமாக நின்றுபோன வரவு திரும்பத் தொடங்கும். விருந்தோம்பலைப் பற்றி நாம் நிறையப் பெருமை பேசுகிறோம். என்னைக் கேட்டால் இன்று அது முட்டி உயரத்துக்கு ஒரு கட்டிலில் தொடங்க வேண்டும்.

இனி நண்பர்கள் இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். நைட் ஷிஃப்ட்டில் நடந்தது, மேலதிகாரியின் கோபம், பிளாக் பிள்ளைகள் மரமேறி விழுந்தது. சிரிப்பு வெடிக்கிறது. ஒரு மணி நேரம் போனபின்தான், இவ்வளவு நேரம் முட்டி ஞாபகத்துக்கே வரவில்லை என்று தோன்றுகிறது. இதற்கு நரம்பியலில் விளக்கம் இருக்கிறது. 1965இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள், மூட்டிலிருந்து வரும் வலிச் செய்தி முதுகுத் தண்டில் ஒரு வாயிலைக் கடக்க வேண்டியிருக்கிறது, அந்த வாயிலைத் திறக்கவும் மூடவும் மூளையால் முடியும் என்று சொன்னார்கள். அவர்கள் வரைந்த படம் பின்னால் நிறையத் திருத்தம் கண்டது. மூளை வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்ற அடிப்படை இன்று உறுதியாக நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பார் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர்களோடு சேர்ந்து நகைச்சுவைக் காட்சி பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்களால் பிறகு கூடுதல் வலியைத் தாங்க முடிந்தது. வலியை உண்டாக்க அவர்கள் பயன்படுத்தியவற்றுள் இறுக்கிப் பிடிக்கும் ரத்த அழுத்தப் பட்டையும் குளிர்ந்த உறையும் உண்டு. 2017இல் பின்லாந்தின் துர்க்கு நகரத்தில், நண்பர்களோடு சேர்ந்து சிரித்தவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். உடலே சுரக்கும், மார்ஃபினை ஒத்த வலிநீக்கிகள் அப்போது வெளிப்படுவது தெரிந்தது. அதில் பங்கேற்றவர்கள் 12 பேர்தான், எல்லோரும் இளைஞர்கள், மூட்டு நோயாளிகள் இல்லை. ஆகவே சிரிப்பு தேய்மானத்தை ஆற்றும் என்று யாரும் சொல்லக் கூடாது. குருத்தெலும்பு சிரிப்பால் வளராது. வலி குறையும், அது நோயாளிக்குப் பெரிய விஷயம்.

தனிமையின் கணக்கு இதைவிடக் கனமானது. ஹோல்ட்-லுன்ஸ்டாட் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு தொகுத்து 2010இல் வெளியிட்டார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. முட்டி வலியால் வெளியே போவது குறைகிறது. போவது குறைந்தால் மனம் சோர்கிறது. சோர்ந்த மனத்துக்கு அதே முட்டி இன்னும் வலிக்கிறது. இந்தச் சுழலை உடைக்க மாத்திரை மட்டும் போதாது.

மூட்டு நோயோடு நண்பர்களைத் தேடிப் போனவர்களில் நான் மிகவும் மதிப்பது டோரதி ஹாட்கின் என்ற படிகவியல் விஞ்ஞானியை. 1938இல், 28 வயதில், அவரைச் சரவாங்கி பிடித்தது. விரல்கள் கோணிப்போயின. எக்ஸ்ரே கருவியின் முதன்மை விசையைத் தள்ள முடியாமல் போனபோது அதற்கு ஒரு நீண்ட நெம்புகோல் பொருத்தச் சொன்னார். அந்தக் கைகளால்தான் பெனிசிலின், வைட்டமின் பி12, இன்சுலின் ஆகியவற்றின் வடிவங்களைக் கண்டார். 1964இல் நோபல் பரிசு கிடைத்தது. 1993 ஆகஸ்டில், 83 வயதில், மிகவும் தளர்ந்த நிலையில், உலகப் படிகவியல் மாநாட்டுக்காகச் சக்கர நாற்காலியில் பெய்ஜிங் போய்ச் சேர்ந்தார். அங்கே இன்சுலினை ஆராய்ந்த சீன விஞ்ஞானிகள் அவருக்குப் பல வருட நண்பர்கள். அவர் வருவார் என்று எதிர்பாராதவர்கள் திகைத்துப்போனார்கள். மறுவருடம் ஜூலையில் காலமானார். அந்த நெம்புகோல்தான் எனக்கு முக்கியம். கை வளையவில்லை என்றால் விசையை மாற்று, வேலையை விடாதே என்று அவர் நடந்துகாட்டினார்.

சரவாங்கி உள்ளவர்களுக்கு இரண்டு வார்த்தை. பயணத்துக்காக மருந்தை நிறுத்தக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. பயண அவசரத்தில் நாள்தோறும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மாத்திரை அட்டையில் கிழமையை எழுதி வையுங்கள். இந்த நோய்க்கான சிறப்புப் பிரிவு கடலூர்க்காரர்களுக்கு எட்டும் தூரத்தில், புதுச்சேரி ஜிப்மரில் இருக்கிறது. எந்த மூட்டு நோயாக இருந்தாலும், மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு வீங்கினால் அன்று பயணம் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போய் வந்த மறுநாள் கொஞ்சம் வலிக்கலாம். அதைக் கேடு என்று எண்ண வேண்டாம். நடந்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வழக்கத்தைவிட அதிகமாக வலி நின்றால் அடுத்த முறை நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது மூட்டு நோய்க்காரர்களுக்குச் சொல்லப்படும் எளிய விதி. பலர் செய்யும் தவறு, வலி இல்லாத ஒரே நாளில் நண்பர் வீடு, வடலூர் சபை, கடலூர் துணிக்கடை எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பது. பிறகு ஒரு வாரம் படுக்கை, ‘இனிமேல் எங்கேயும் போக மாட்டேன்’ என்ற சபதம். ஒரு நாளைக்கு ஒரு வீடு போதும். தொடைத் தசைப் பயிற்சியைக் கற்றுத்தர ஆள் வேண்டுமென்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது எத்தனையோ அம்மாக்களைப் பிறந்த வீட்டுக்கும் தோழி வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. முட்டித் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். கட்டணம் நீங்கியும் அவர்களில் பலரைப் படி தடுக்கிறது. பழைய வகைப் பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர் உயரம், தாழ்தளப் பேருந்தில் 400. சென்னை மாநகரத்தில் 2024 முதல் மீண்டும் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. கடலூர் மாவட்டத்துக்கும் அவை வர வேண்டும். வரும்வரை, நிறுத்தத்தில் நடைமேடையை ஒட்டிப் பேருந்தை நிறுத்துவதும், இறங்குகிறவருக்கு இன்னும் அரை நிமிடம் கொடுப்பதும் செலவில்லாத காரியங்கள்.

படிப்பவர்களில் யாருக்காவது முட்டி வலி இருந்து, குள்ளஞ்சாவடியிலோ வேறு ஊரிலோ பழைய நண்பர் இருந்தால், இந்த வாரமே போன் செய்து ஒரு நாளைக் குறியுங்கள். எனக்கு நாற்காலி வேண்டும், மேற்கத்திய கழிவறை இல்லாவிட்டால் மாலையே கிளம்பிவிடுவேன் என்று வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் நண்பருக்கும் இந்நேரம் முட்டி வலிக்கத் தொடங்கியிருக்கும், அவர் புரிந்துகொள்வார்.